மாத்திரைதான் இருக்கிறதே, பச்சை மீன் சாப்பிட்டால் என்ன?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 38. தாய்லாந்தின் வடகிழக்கில், கோன் கேன் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கிராமத்தில் ஆறு வருடங்களாக இருக்கிறேன். மனைவி இந்த ஊர்ப் பெண். இங்குள்ள பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் என் மாமனார் பித்தக்குழாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 61. கண் மஞ்சளாகி மூன்றே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே 'கோய் பிளா' என்று பச்சை மீனைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்கள். மாமனார் ஊட்டாத குறையாகத் தருவார். அவர் மனம் கோணக்கூடாது என்று நானும் மாதம் இரண்டு மூன்று தடவை சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு வாரம் முன்பு கிராமத்தில் நடந்த முகாமில் என் மலத்தில் கல்லீரல் புழுவின் முட்டை இருப்பதாகச் சொல்லி, ஒரே வேளையில் நான்கு மாத்திரை விழுங்கச் சொன்னார்கள். அன்று முழுக்கத் தலைசுற்றல். எனக்கும் புற்றுநோய் வருமா? எலுமிச்சையும் அரிசிச் சாராயமும் புழுவைக் கொன்றுவிடும் என்கிறார் என் மைத்துனர். "மாத்திரைதான் இருக்கிறதே, வருடம் ஒரு தடவை போட்டுக்கொண்டு சாப்பிடு" என்றும் சொல்கிறார். என் மகனுக்கு 6 வயது. என்னிடமிருந்து அவனுக்குத் தொற்றியிருக்குமா? அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தூக்கமே வருவதில்லை.

*(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)*

பதில்: அன்புள்ள தம்பி,

முதலில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கே வருகிறேன். இந்தப் புழு உடம்பில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் ஆறு வருடத்தில் வருவதில்லை. இருபது, முப்பது வருடம் புழுவோடு வாழ்ந்த பிறகு, ஐம்பது அறுபது வயதில்தான் பெரும்பாலும் வருகிறது. உங்கள் மாமனார் பால்குடி மறந்த நாளிலிருந்து அந்த மீனைச் சாப்பிட்டிருப்பார். நீங்கள் ஆறு வருடம், அதுவும் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை. கண்டுபிடித்தாகிவிட்டது, மருந்தும் உள்ளே போய்விட்டது. உங்கள் கணக்கு வேறு, அவர் கணக்கு வேறு. இன்று இரவு இதை நம்பித் தூங்கலாம்.

ஆனால் அந்தக் கணக்கு அப்படியே இருப்பதும் மாறுவதும் இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் மைத்துனர் சொன்ன யோசனை அதை மாற்றிவிடக்கூடியது. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

பயிற்சிக் காலத்தில் சில மாதங்கள் ஈசான் பகுதியில், அதாவது நீங்கள் இருக்கும் அதே வடகிழக்கில் இருந்திருக்கிறேன். அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக அந்த முட்டையை நுண்ணோக்கியில் காட்டினார்கள். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். ஒரு மில்லிமீட்டரில் முப்பது நாற்பது முட்டைகளை வரிசையாக வைத்துவிடலாம், அத்தனை சிறியது. பழைய குண்டு பல்பு மாதிரி வடிவம். மேலே தோள்பட்டை வைத்த ஒரு மூடி, அடியில் சின்னதாக ஒரு குமிழ். இன்னொரு நாள், பித்தக்குழாய் அடைப்புக்காக அறுவை செய்துகொண்டிருந்த ஒருவரின் பித்தநீரோடு புழுக்களும் வெளியே வந்தன. பாஸ்மதி அரிசி நீளம், இலைபோலத் தட்டை, லேசாகச் சிவந்து ஒளி ஊடுருவும் உடம்பு. கிண்ணத்தில் விழுந்த பிறகும் மெதுவாக நீண்டு சுருங்கிக்கொண்டிருந்தன. அந்த மனிதர் அவற்றைப் பத்து வருடத்துக்கும் மேலாக உள்ளே வைத்திருந்திருக்கலாம். ஒரு புழு அவ்வளவு காலம் உயிரோடு இருக்கக்கூடியது.

இதன் பெயர் ஒபிஸ்தோர்கிஸ் விவெரினி. 1886-இல் முதலில் விவரிக்கப்பட்டது மனிதனிலிருந்து எடுத்த புழு அல்ல, மீன்பிடிப் பூனையின் கல்லீரலிலிருந்து எடுத்தது. பெயரில் உள்ள விவெரினி அந்தப் பூனையின் அறிவியல் பெயர்தான். பச்சை மீன் தின்னும் விலங்குக்கு உரிய புழு இது. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் சுமார் 1 கோடிப் பேர் உடம்பில் இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். சீனாவிலும் கொரியாவிலும் இதன் பங்காளி ஒன்று இருக்கிறது; பழக்கம் அதே பழக்கம்தான். நம் ஊரில் ஆட்டு ஈரலில் பார்க்கும் பெரிய இலைப்புழு வேறு வகை. இணையத்தில் தேடும்போது அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் மருந்து வேறு.

புழு உடம்புக்குள் வரும் வழியைச் சொன்னால் மகனைப் பற்றிய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். புழு உள்ள மனிதரோ பூனையோ நாயோ மலம் கழிக்க, முட்டை தண்ணீரில் சேர்கிறது. பிதினியா என்ற சின்ன நன்னீர் நத்தை அதைத் தின்கிறது. நத்தைக்குள் ஒரு முட்டை பல்கிப் பெருகி, வாலுள்ள நுண்ணிய குஞ்சுகளாக ஆயிரக்கணக்கில் வெளியேறுகிறது. குளத்து நத்தைகளில் நூற்றில் ஒன்றுக்குக்கூடத் தொற்று இருக்காது, ஆனால் அந்தக் குளத்து மீன்களில் பாதிக்கு மேல் தொற்று இருக்கலாம். அப்படிப் பெருகுகிறது. குஞ்சுகள் கெண்டை இனத்து மீன்களின் செதிலுக்கு அடியில் நுழைந்து, சதையில் கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. உப்புத் துகளைவிடச் சிறிய கூடு, கண்ணுக்குத் தெரியாது. அந்த மீனைப் பச்சையாகத் தின்றால்தான் நமக்கு வரும்.

ஆகவே உங்களிடமிருந்து உங்கள் மகனுக்குத் தொற்றவே தொற்றாது. முத்தம் கொடுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பக்கத்தில் படுத்தாலும் தொற்றாது. உங்கள் மலத்தில் போகும் முட்டையை அவன் நேராக விழுங்கினால்கூட அது அவனுக்குள் புழுவாகாது. நத்தைக்குள்ளும் மீனுக்குள்ளும் போய்வந்தாக வேண்டும். அவனுக்கு வந்திருந்தால் அவன் தட்டிலிருந்துதான் வந்திருக்கும். மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போய் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். குறைவான தொற்று ஒரு மாதிரியில் தப்பிவிடும், அதனால் இரண்டு மூன்று நாள் மாதிரி கொடுப்பது நல்லது. சிறுநீரிலேயே கண்டுபிடிக்கும் ஒரு சோதனையைக் கோன் கேன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் மருத்துவமனையில் அது கிடைக்குமா என்று கேளுங்கள். மகனுக்கு மருந்து தேவைப்பட்டால் எடையைப் பார்த்துக் கொடுப்பார்கள். பயப்பட வேண்டிய மருந்து அல்ல.

சரி, எலுமிச்சைக்கு வருவோம்.

கோய் பிளா செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வயலில் அப்போதுதான் பிடித்த கையளவு வெள்ளி மீன்களைச் செதில் சீவி, முள்ளோடு சேர்த்துக் கத்தியால் டக்டக்கென்று கொத்துவார்கள். எலுமிச்சைச் சாறு விழுந்ததும் கண்ணாடிபோல் இருந்த சதை வெளுத்து, வெந்த மீன் மாதிரியே ஆகிவிடும். அப்புறம் வறுத்து இடித்த அரிசிப் பொடி, மிளகாய்த் தூள், சின்ன வெங்காயம், புதினா, சில வீடுகளில் சிவப்பெறும்பு. ஒட்டரிசிச் சோற்றை உருட்டி அதில் தோய்த்துத் தின்பார்கள். அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் "வெந்துவிட்டது" என்கிறார்கள். கண் சொல்வதை நம்புகிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

ஆனால் எலுமிச்சை மாற்றுவது மீன் சதையின் புரதத்தை மட்டும்தான். கூட்டுக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. யோசித்துப் பாருங்கள்: அந்தக் கூடு நம் இரைப்பையைத் தாண்டி உயிரோடு போக வேண்டும் என்பதற்காகவே உண்டானது. இரைப்பை அமிலம் எலுமிச்சையைவிடப் பல மடங்கு கடுமையானது. அதையே தாங்கிக்கொண்டு, சிறுகுடலின் தொடக்கத்தில் செரிமான நீர் பட்டதும்தான் கூடு திறக்கிறது. வெளியே வரும் குட்டிப் புழு பித்தநீர் இறங்கும் வாசல் வழியாக எதிர்த்திசையில் ஏறிக் கல்லீரலுக்குள் போய்விடுகிறது. நான்கு வாரத்தில் முட்டையிடத் தயார். அப்படிப்பட்ட கூட்டைக் கால் மூடி எலுமிச்சைச் சாறு என்ன செய்யும்? மிளகாயும் எறும்பும்கூட அப்படித்தான்.

சாராயமும் புழுவைக் கொல்லாது. குவளையில் உள்ளது வயிற்றுக்குப் போகும்போதே நீர்த்துவிடும்; மீனுக்குள் இருக்கும் கூட்டை அது எட்டவும் எட்டாது. அதைவிட முக்கியம், குடிப்பழக்கமே பித்தக்குழாய்ப் புற்றுநோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது. கோய் பிளாவையும் லாவோ காவ் என்ற அந்த அரிசிச் சாராயத்தையும் ஒன்றாக வைத்து உட்காரும் அந்தத் திண்ணைதான் என்னை ரொம்பக் கவலைப்பட வைக்கும் இடம். இந்தப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் வருவதற்கு அந்தத் திண்ணையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி மாத்திரை. உங்களுக்குக் கொடுத்தது பிராசிகுவாண்டல். ஒரு கிலோ எடைக்கு 40 மில்லிகிராம் என்று ஒரே வேளையில் கொடுப்பது வழக்கம். 60 கிலோ உள்ளவருக்கு 600 மில்லிகிராம் மாத்திரை நான்கு. சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். தலைசுற்றல், குமட்டல், வயிற்றுவலி, தூக்கக் கலக்கம் எல்லாம் இந்த மருந்தில் சகஜம், ஒரு நாளில் போய்விடும். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது. மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி மலப் பரிசோதனை செய்யுங்கள். பெரும்பாலும் ஒரே தடவையில் சுத்தமாகிவிடும். அப்படி ஆகாதவர்களுக்கு, பிரித்துப் பிரித்து இரண்டு மூன்று நாள் கொடுக்கும் முறை இருக்கிறது. ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த அல்பெண்டசோல் வீட்டில் இருந்தால், பூச்சி மாத்திரைதானே என்று அதை ஒன்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உருண்டைப் புழுவுக்கு அது நல்ல மருந்து. இந்தத் தட்டைப்புழுவுக்கு ஒற்றை மாத்திரை போதாது.

இதோடு ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கோ மனைவிக்கோ எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா? மூளையில் நாடாப்புழுவின் கூடு இருப்பவர்களுக்கு பிராசிகுவாண்டல் கொடுத்தால் அந்தக் கூட்டைச் சுற்றி வீக்கம் உண்டாகி வலிப்பு வரலாம். நம் நாட்டில் அந்த நோய் அபூர்வமானது அல்ல. கண்ணில் அந்தக் கூடு இருந்தால் இந்த மருந்தையே தொடக்கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பலிக்காது. முகாமில் வரிசையில் நிற்கும்போது இதையெல்லாம் கேட்க நேரமிருக்காது, நீங்களாகச் சொல்ல வேண்டும்.

மைத்துனர் சொல்லும் "வருடம் ஒரு மாத்திரை" எங்கே இடிக்கிறது? மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும், அவ்வளவுதான். தடுப்பூசி மாதிரி அது உடம்பில் காவல் நிற்காது. இன்று மாத்திரை, நாளை மறுநாள் கோய் பிளா என்றால் ஒரு மாதத்தில் மறுபடி முட்டை. புழு இருந்த ஒவ்வொரு மாதமும் அது பித்தக்குழாயின் உட்சுவரைத் தன் உறிஞ்சிகளால் கவ்விக் கவ்விப் புண்ணாக்குகிறது. அதன் உடம்பிலிருந்து கசியும் பொருட்களில் ஒன்று, நம் செல்களை வேகமாகப் பெருகச் சொல்லும் வளர்ச்சிக் காரணி. புண்ணாவதும், ஆறுவதும், அவசரமாகச் செல்கள் பெருகுவதுமாக வருடக்கணக்கில் நடந்தால் எங்கோ ஒரு செல் தடம் மாறிப்போகிறது. ஊறவைத்த உணவுகளில் உள்ள நைட்ரோசமைன் போன்ற பொருட்களும் இதற்குத் துணைபோகின்றன. புழு ஒரேயடியாகச் சாகும்போதும் அதன் சிதைவுகளுக்கு எதிராக ஒரு அழற்சி கிளம்பி அடங்குகிறது. வெள்ளெலிகளுக்குத் தொற்று, மருந்து, மறுபடி தொற்று, மறுபடி மருந்து என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில், குழாயைச் சுற்றிய அழற்சியும் தழும்பும் கூடின. மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், என் உடம்பில் அந்தச் சோதனையைச் செய்துபார்க்க நான் சம்மதிக்க மாட்டேன், உங்கள் மைத்துனர் உடம்பிலும் வேண்டாம்.

1994-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புழுவை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் பிரிவு அது. பித்தக்குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடம் நீங்கள் இருக்கும் கோன் கேன்தான். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "எல்லாரும்தான் சாப்பிடுகிறோம், எல்லாருக்குமா வந்தது" என்று உங்கள் ஊரில் யாராவது கேட்டால், கடந்த இருபது வருடத்தில் அந்தத் தெருவில் மஞ்சள் கண்ணோடு போனவர்களை எண்ணிப்பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையை அவர்களே வைத்திருப்பார்கள்.

இந்த நோயின் பெரிய கொடுமை, அது கடைசி வரை பேசாமல் இருப்பது. வலி இருக்காது. வயிறு கொஞ்சம் உப்புசம், அவ்வளவுதான். கண் மஞ்சள், சிறுநீர் தேநீர் நிறம், வெளுத்த மலம், உடம்பெல்லாம் அரிப்பு என்று வெளியே தெரியும்போது பெரும்பாலானவர்களுக்கு அறுவை செய்யும் கட்டம் கடந்திருக்கும். உங்கள் மாமனாருக்கு நடந்தது அதுதான். அவரை இன்னும் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமோ என்று உங்கள் மனைவி தன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அறிகுறி தெரிந்த நாளில் கொண்டுபோயிருந்தாலும் அது தாமதமாகத்தான் இருந்திருக்கும்.

சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, அதுவும் எளிய வழி. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். 2013 முதல் கோன் கேன் பல்கலைக்கழகம் முன்னின்று வடகிழக்கு முழுக்க இதற்கென்றே ஒரு பரிசோதனைத் திட்டத்தை நடத்திவருகிறது. 40 வயதைத் தாண்டியவர்களைக் கிராமம் கிராமமாகச் சென்று ஸ்கேன் செய்கிறார்கள். அதில் முக்கியப் பங்கு வகித்த அறுவை மருத்துவர் நரோங் குந்திக்கேயோ, தன் தாய் தந்தை இருவரையும் இதே புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஈசானில் பிறந்து, அந்த மீனைத் தின்று வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவர். உங்கள் மைத்துனரிடம் என் பெயரைச் சொன்னால் எடுபடாது, அவர் கதையைச் சொல்லுங்கள்.

நீங்கள் நாற்பதுக்காகக் காத்திருக்க வேண்டாம். இப்போதே ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிச் சரியாகத் தெரியாது. பித்தக்குழாய்களைச் சுற்றித் தடிப்பு அல்லது தழும்பு இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். பித்தப்பை வீங்கியிருப்பது, உள்ளே கசடு தேங்கியிருப்பது போன்றவை புழு போன சில மாதங்களில் பலருக்குச் சரியாகிவிடும். தழும்பு இருந்தால் ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே நாளில் ஹெபடைடிஸ் பி சோதனையும் செய்துவிடுங்கள், கல்லீரலுக்கு அது தனி ஆபத்து. உங்கள் மாமியார், மைத்துனர் இருவருமே ஸ்கேன் எடுக்க வேண்டியவர்கள். அவர்களுக்கு உங்களைவிட அவசரம் அதிகம்.

தட்டில் என்ன இருக்கலாம் என்பதற்கு என் பதில் சுருக்கமானது: மீன் உள்ளே வரைக்கும் வெந்திருக்க வேண்டும். சதை முள்ளைவிட்டுச் சுலபமாகப் பிரிந்து, நடுவில் கண்ணாடித்தன்மை இல்லாமல் இருந்தால் போதும். மைனஸ் 20 டிகிரியில் முழுசாக 7 நாள் உறையவைத்தாலும் புழுக்கூடு செத்துவிடும். ஆனால் வீட்டுக் குளிர்பெட்டி நாளுக்குப் பத்துத் தடவை திறந்து மூடப்படுவது, மின்சாரமும் நின்று நின்று வருவது. அதை நம்பி நான் சாப்பிட மாட்டேன். பிளா சோம் என்று சோறும் பூண்டும் வைத்துச் சில நாள் மட்டும் புளிக்கவைக்கும் மீனில் புழு உயிரோடு இருக்கும்; பொரித்தோ வேகவைத்தோ தின்னுங்கள். பிளா ரா அப்படி அல்ல. நிறைய உப்புப் போட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஊறியதில் ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனால் ஜாடியில் இருப்பது எத்தனை மாதத்துச் சரக்கு என்று கடையில் யார் சொல்வார்கள்? கொதிக்கவைத்துப் புட்டியில் அடைத்த பிளா ரா இப்போது ஊரெங்கும் விற்கிறது. மகனின் பப்பாளிச் சாலடுக்கு அதைப் பயன்படுத்துங்கள். அவன் ஆசையைக் கெடுக்க வேண்டாம்.

கெண்டைதானே ஆபத்து, விராலைப் பச்சையாகச் சாப்பிடலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. அதில் வேறொரு புழு இருக்கிறது, தோலுக்கடியில் நடமாடுவது, சிலருக்கு மூளைக்கும் போவது.

பச்சை மீன் கொத்திய பலகையிலும் கத்தியிலும் உடனே காய்கறி நறுக்க வேண்டாம். மீன் தலையையும் குடலையும் பூனைக்கும் நாய்க்கும் பச்சையாக வீசாமல் வேகவைத்துப் போடுங்கள். மனிதர் எல்லாரும் மாத்திரை போட்டுக்கொண்டாலும் பூனைகள் குளத்துக்கு முட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். கழிப்பறைத் தொட்டியைச் சுத்தம் செய்ய வரும் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேளுங்கள். வயலிலோ கால்வாயிலோ கொட்டினால் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டியதன் பயன் பாதி போய்விட்டது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று தோன்றும். கோன் கேனுக்குத் தெற்கே லாவா என்றொரு ஏரி இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பள்ளிகளும் கிராம சுகாதாரத் தொண்டர்களும் சேர்ந்து வருடக்கணக்காக வேலை செய்தார்கள். மருந்து, வீடு வீடாகப் பேச்சு, பள்ளிப் பாடம், மீனையும் நத்தையையும் தொடர்ந்து சோதிப்பது என்று எல்லாம் ஒன்றாக நடந்தது. தொடக்கத்தில் சில மீன் வகைகளில் 70 சதவீதம் வரை இருந்த தொற்று 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வடகிழக்கு மொத்தத்தையே எடுத்தால்கூட, 1981 வாக்கில் நூற்றுக்கு 35 பேருக்கு இருந்த தொற்று 2009-இல் 17 பேராகக் குறைந்திருந்தது. மாறுகிற பழக்கம்தான் இது.

உங்கள் கிராமத்தின் சுகாதாரத் தொண்டர்களை, நீங்கள் 'ஓ சோ மோ' என்று சொல்கிறவர்களை, பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதே தெருவில் இருக்கும் அக்காமார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை "உங்கள் சாப்பாடு விஷம்" என்று சொன்னால் கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், நானும் கேட்க மாட்டேன். அந்த மீன் அவர்களுக்கு வயல், மழை, அப்பா கை எல்லாம் சேர்ந்தது. விறகு மூட்ட நேரமில்லாமல் வயல் வரப்பில் உட்கார்ந்து தின்ற உணவு. ஆகவே உணவைக் குறை சொல்லாதீர்கள், நெருப்பை மட்டும் நடுவில் நுழையுங்கள். கொத்திய மீனை வெறும் வாணலியில் இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு, நிறம் மாறி நீர் வற்றும்வரை கிளறி இறக்கி, ஆறிய பிறகு அதே எலுமிச்சை, அதே அரிசிப் பொடி, அதே புதினா. நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி இப்படித்தான் செய்து தந்தார். முதல் நாள் அவர் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். பேரன் மட்டும் தட்டை வழித்துத் தின்றான். அடுத்த வாரம் அவரும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் மனைவி பேசட்டும். அப்பாவை இழந்த மகள் அம்மாவிடம் பேசும் பேச்சுக்கு நாம் இடையில் போக வேண்டியதில்லை. மைத்துனரிடம் நீங்கள் பேசுங்கள், ஆனால் திண்ணையில் நாலு பேர் நடுவில் வேண்டாம். ஸ்கேனுக்குப் போகும்போது "துணைக்கு வா" என்று கூட்டிக்கொண்டு போய், அவரையும் அதே மேசையில் படுக்கவைத்துவிடுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு ஸ்கேன் முடிவு வந்த பிறகு சொன்னால் போதும். "வயிற்றில் புழு இருந்தது, மருந்து சாப்பிட்டேன், போய்விட்டது" என்பது பொய்யில்லை.

ஏப்ரலில் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் வருகிறது. பாங்காக்கில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் வீடு திரும்பி, கூட்டமாக உட்கார்ந்து கோய் பிளா தின்பது அந்த நாட்களில்தான். இந்த வருடம் மீன் வாங்கும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அடுப்படியிலும் நீங்களே நில்லுங்கள். அதற்குள் மறுபரிசோதனை முடிவும் வந்திருக்கும். ஸ்கேன் அறிக்கையில் பித்தக்குழாய்ச் சுவர் தடிப்பு என்றோ குழாய் விரிவு என்றோ ஒரு சொல் இருந்தாலும் எனக்குப் படத்தோடு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். இடையில் கண் மஞ்சளானாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழ் வலியும் வந்தாலோ, எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கோன் கேன் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.